தமிழ்தான் பாரமாம்

அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. பழைய துண்டு ஒன்றால் கையைத் தூக்கிக் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். வலது கையில் செல்போன். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, இருந்த நாலு மேசைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எம்மா, தோட்டத்துக்கு மெசேஜு அனுப்புறது இங்கனதானா?"

"ஆமாங்க அக்கா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. போனை என் மேசைமேல் வைத்துத் திரையைத் தடவிக் காட்டினார். "இத எப்ப அனுப்புனீகன்னு சொல்லுங்க."

செய்தியைப் படித்தேன். தோட்டத்தில் அவர் வேலை செய்யும் டிவிஷனின் மேல் பகுதியில் யானைக் கூட்டம் நிற்கிறது, யாரும் அந்த வழியாகப் போக வேண்டாம். வந்து சேர்ந்தது மூன்று நாளைக்கு முன், காலை ஒன்பது பத்துக்கு. அனுப்பிய நேரத்தை என் கணினியில் தேடினேன். யானைக் காவலர் அதைப் பதிவு செய்தது ஆறு நாற்பத்தைந்துக்கு.

"நாங்க மேல ஏறுனது ஏழரைக்கு," என்றார். "ஏறுனா, மரத்துக்குப் பின்னாடி குட்டியோட நிக்கிது. எல்லாரும் ஓடுனோம். நான் வாய்க்கால்ல விழுந்து கை போச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கும்போது டிங்குன்னு இந்த மெசேஜு வருது. ஆனை நிக்கிது, போகாதீகன்னு. படுக்கையில கெடக்குறவளுக்கு எதுக்கு இது?"

அவர் வந்தது அதற்காக மட்டும் இல்லை. தோட்டத்து ஆபீசில் விபத்து அறிக்கை எழுதியிருக்கிறார்கள். மலையாளத்தில். கையெழுத்துப் போடச் சொன்னபோது இவர் போடாமல், போனில் படம் பிடித்துவந்து மகளிடம் காட்டியிருக்கிறார். தொழிலாளி செல்போனில் வந்த எச்சரிக்கையைப் பார்க்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்ததாம்.

"வராத மெசேஜை எப்படிம்மா பாக்குறது?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஊர்க்காரி. வீட்டில் தென்னையும் நெல்லும். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மூணாறில் இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. இன்று எந்தப் பகுதியில் கொழுந்து எடுக்க வேண்டும், டாக்டர் எப்போது வருவார், எந்த வழியில் மண் சரிந்திருக்கிறது, யானை எங்கே நிற்கிறது. எல்லாவற்றையும் செய்தி சர்வர் என்ற ஒரு மென்பொருள் வாங்கி, வரிசையில் வைத்து, ஆயிரக்கணக்கான போன்களுக்கு அனுப்பும். அதை நிறுவியதும் பராமரிப்பதும் கொச்சியில் இருக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனம். என் வேலை செய்திகளைச் சரிபார்ப்பது, தமிழில் எழுதுவது, நாள் முடிவில் எல்லாம் போய்விட்டதா என்று பார்ப்பது. சர்வரைத் தொடுவது என் வேலை இல்லை. இதை எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், பாதி மலையாளமாக இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வம்பும் தன் மேசைவரை வந்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருப்பவர்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் பேசிய பொறியாளர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பதில் தயாராக இருந்தது.

"சார், தமிழ் மெசேஜ்தான் பிரச்சினை. இங்கிலீஷ்ல நூத்தியறுபது எழுத்து ஒரே மெசேஜ்ல போகும். தமிழ்னா எழுபதுதான். ஒண்ணு அனுப்புற இடத்துல மூணு போகுது. சர்வருக்குப் பாரம். தமிழ நிறுத்திப் பாருங்க, சரியாகிடும்."

"ஏனுங்க, மலையாளத்துக்கும் அதே எழுபது எழுத்துத்தானே?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

பொறியாளர், "அது அபிஷியல் மொழி அல்லே," என்றார்.

எழுபது என்பது உண்மைதான். அரை உண்மையைச் சொல்கிறவனிடம் சண்டை போடுவது முழுப் பொய்யைச் சொல்கிறவனிடம் போடுவதைவிடக் கஷ்டம். மேலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து தமிழ்ச் செய்திகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மலையாளமும் ஆங்கிலமும் மட்டும் போதுமாம்.

தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் மலையேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். யானை எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் இத்தனை ஏற்பாடும். தாமதமாக வந்த செய்தியைச் சீராக்குவதற்கு, செய்தியையே படிக்க முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். அந்த உத்தரவை என் கையால்தான் அமல்படுத்தினேன். தமிழ் என்ற கட்டத்தில் இருந்த டிக் குறியை எடுத்தபோது என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று மாலை ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "உனக்கெதுக்கு கண்ணு வம்பு? புடிக்கலீன்னா உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துரு," என்றாள். அம்மா சொன்னது நல்லதுக்குத்தான். ஆனால் எனக்கு அதைக் கேட்டதும் கோபம் கூடிவிட்டது. போனை வைத்ததும் முடிவு செய்தேன். தொடக் கூடாது என்றார்கள். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை செய்திகள் போய் முடிந்ததும் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். அது தன் வேலையை நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைக்கும் கோப்பு. தினமும் காலை ஆறரையிலிருந்து ஒன்பதுவரை அது ஒரே புகாரைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. நினைவகம் போதவில்லை. நினைவகம் போதவில்லை. பின்னோக்கிப் போனேன். போன வாரம், போன மாதம், எட்டு மாதத்துக்கு முன்னால் பதிவேடு தொடங்கும் இடம்வரை. எல்லாக் காலையும் அதே வரி. மாதந்தோறும் பராமரிப்பு என்று வந்து, தேநீர் குடித்து, கையெழுத்து வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூட இந்தக் கோப்பைத் திறக்கவில்லை. வந்தார்கள், மெஷினை அணைத்துப் போட்டார்கள், போனார்கள்.

கணினி தெரியாதவர்களுக்கும் இது புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் செய்தி சர்வர் நேரடியாகக் கணினிமேல் ஓடுவதில்லை. அது ஓடுவதற்கென்றே கணினிக்குள் இன்னொரு பாவனைக் கணினி உண்டு. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அது எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம், எந்த முறையில் ஓடலாம் என்று ஒரு சிறிய கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முறைகள் இரண்டு. மேசையில் வைத்துச் சில்லறை வேலை பார்ப்பதற்குக் கிளையன்ட் முறை. நாள் முழுக்க நிற்காமல் பெரிய சுமை இழுப்பதற்கு சர்வர் முறை.

அந்தக் கோப்பைத் திறந்தேன். முறை: கிளையன்ட். நினைவகம்: அதிகபட்சம் நூற்றியிருபத்தெட்டு எம்பி.

அந்தக் கணினியில் இருந்தது பதினாறு ஜிபி. நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கொடுக்கவில்லை. யாரோ ஒரு பழைய மடிக்கணினியில் சோதனைக்காக வைத்திருந்ததை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பாவனைக் கணினியும் பழைய முப்பத்திரண்டு பிட் ரகம். காலையில் எல்லாத் தோட்டத்துச் செய்திகளும் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது இடம் பத்தாமல், பழையதை அப்புறப்படுத்தி இடம் தேடுவதிலேயே அது நேரத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தது. யானைச் செய்தி அந்தக் கும்பலுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

தமிழ் பாரமாம்! ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாத வண்டியைக் கொடுத்துவிட்டு மூட்டைமேல் பழி போட்டார்கள்.

பதிவேட்டின் சில பக்கங்களையும் அந்தக் கோப்பையும் அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது ரெண்டு வரி மாத்துற வேலைங்க சார். புதுசா ஒண்ணு நிறுவணும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நான் செஞ்சுடறனுங்க."

"அது நீ தொடவேண்டா. கரார் அவங்களோடதல்லே. நாளைக்கு எந்தெங்கிலும் ஆச்சுன்னா யார் சமாதானம் பறையும்?" ஒப்பந்தம் அவர்களுடையது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

"இப்ப ஆனதுக்கு யாருங்க சார் பதில் சொன்னாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தமிழ் நிறுத்தியாச்சல்லே. இனி சரியாகும்."

சரியாகவில்லை. தமிழ் இல்லாத மூன்றாம் நாள் காலை, வேறொரு டிவிஷனில் யானை நின்ற செய்தி மலையாளத்தில் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் தாமதமாகப் போனது. நல்லவேளை, அன்று அந்தப் பக்கம் யாரும் ஏறவில்லை. அந்த நேரங்களையும் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. ஒப்பந்த நிறுவனத்துக்கும் அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. என் முகத்தைப் பார்த்தாலே மற்ற மேசைக்காரர்கள் தேநீர் குடிக்க எழுந்து போக ஆரம்பித்தார்கள். அவ்வளவு கடுகடுவென்று இருந்திருக்கிறேன்.

இதை அசைத்தது நான் அல்ல, அந்த அம்மாதான். கட்டுப்போட்ட கையோடு அவர் ஒரு காலை மஸ்டருக்கு, வேலை தொடங்குமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போயிருக்கிறார். தன் கூட்டத்துப் பெண்களிடம் பேசியிருக்கிறார். யானை இல்லை என்று ஒரு ஆள் மேலே போய்ப் பார்த்துவந்து வாயால், தமிழில் சொல்கிறவரை யாரும் ஏறக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். மறுநாள் பக்கத்து டிவிஷனும் நின்றது. கொழுந்து முற்றிவிடும் என்ற பயத்தில் தோட்ட அதிகாரி எங்கள் மேலாளரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினார். கதவு மூடியிருந்தும் வெளியே கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை செய்யி. பக்ஷே, எல்லாத்தையும் முதல்ல நகல் எடுத்து வெச்சுட்டு."

"எழுதிக் குடுங்க சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்கு விடுமுறை. செய்திகள் குறைவு. நண்பகலில் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். வெளியே சுற்றுலா ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. இருந்ததையெல்லாம் நகலெடுத்தேன். பழைய முப்பத்திரண்டு பிட்டை எடுத்துவிட்டு அறுபத்து நான்கு பிட் பாவனைக் கணினியை நிறுவினேன். இந்த ரகத்தில் சர்வர் முறை தவிர வேறு முறையே கிடையாது. சொல்லாவிட்டாலும் அப்படித்தான் ஓடும். ஆனாலும் கோப்பில் கிளையன்ட் என்று இருந்த சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்து சர்வர் என்று எழுதினேன். அது என் திருப்திக்கு.

நினைவகத்தில் முதலில் நானும் ஒரு தப்புச் செய்தேன். கோபத்தில் பன்னிரண்டு ஜிபி கொடுத்தேன். சோதனைச் செய்திகளைக் கொட்டிப் பார்த்தபோது, அதே கணினியில் இருந்த தரவுத்தளம் மூச்சுத் திணறி, எல்லாமே நத்தையாக நகர்ந்தது. கோபத்தால் அளவு சொல்லக் கூடாது என்று அப்போது புரிந்தது. நான்குக்குக் குறைத்தேன். தொடக்கத்திலும் நான்கு, உச்சத்திலும் நான்கு. நடுவில் கூடிக் குறைந்து தடுமாறாமல் இருக்கட்டும் என்று. மறுபடி கொட்டினேன். ஒரு முழுக் காலையின் செய்திகள், தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் சேர்த்து, இரண்டே நிமிடத்தில் வரிசை காலியானது. இரண்டு நிமிடம்! நம்ப முடியாமல் மூன்று முறை செய்து பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. ஒரு மதியத்து வேலை. எட்டு மாதமாக யாரும் செய்யாததால் ஒருவர் கை உடைந்திருக்கிறது. மேசையைக் குத்தினேன். என் கைதான் வலித்தது.

பிறகு தமிழ்க் கட்டத்தில் டிக் போட்டேன். அதற்கு யாரிடமும் எழுத்து வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்தேன். ஏழுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது காவலர் ஒருவர் யானையைப் பதிவு செய்தார். ஒரு நிமிடத்துக்குள் அந்த டிவிஷன் போன்களுக்கெல்லாம் போய்விட்டது. அந்த வாரம் பதிவேட்டில் நினைவகம் போதவில்லை என்ற வரி ஒருமுறைகூட வரவில்லை.

அடுத்த வாரம் ஒப்பந்த நிறுவனம் ஒரு அறிக்கை அனுப்பியது. தங்கள் தொடர் பராமரிப்பின் பயனாகச் செய்தி சர்வரின் வேகம் மேம்பட்டிருக்கிறது என்று. மேலாளர் அதைக் கோப்பில் வைக்கச் சொன்னார். வைத்தேன். என் அச்சுப் பக்கங்களையும், அவர் எழுதிக் கொடுத்த அனுமதியையும் அதன் மேலேயே குத்தி வைத்தேன்.

ஆனால் விபத்து அறிக்கை அப்படியே இருந்தது. பார்க்கத் தவறியது தொழிலாளி. இதை மாற்ற வேண்டும் என்று நான் தினமும் மேலாளரிடம் போய் நின்றேன். அது தோட்டத்துக் காரியம், நமக்கு எந்தா என்றார். செய்தி பதிவான நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து எழுதிய கடிதத்தைத் தோட்ட அதிகாரிக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் நானே அனுப்பப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "வா, போவாம்," என்றார்.

லயத்தில் அந்த அம்மாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அவர் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். மேலாளர் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"மெசேஜ் வைகிப்போயி, லேட்டாயி. மிஷினோட குழப்பம். இப்போ சரியாக்கி."

"மிஷினுக்கு இப்படி ஓடுன்னு யாரு சார் சொன்னது?" என்று அந்த அம்மா கேட்டார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மனுசங்கதான்," என்றார் கடைசியில்.

"அப்ப அத எழுதிக் குடுங்க. நான் பாக்கலைன்னு எழுதத் தெரிஞ்சுதுல்ல. நீங்க அனுப்பலைன்னும் எழுதலாம்ல?"

அவர் எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்றது, தாமதத்துக்குத் தொழிலாளி பொறுப்பல்ல என்று. மலையாளத்தில் எழுதியதை அந்த அம்மா வாங்கி என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகத் தமிழில் சொன்னேன். "இன்னொரு தடவ," என்றார். சொன்னேன். அதைத் தமிழிலும் எழுதச் சொன்னார். அடியில் நான் எழுதினேன். மேலாளர் மறுபடி கையெழுத்துப் போட்டார்.

தோட்டத்து அறிக்கை மாறுவதற்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. மாறியபோதும் தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தாமதம் என்றுதான் இருந்தது. யாருடைய தொழில்நுட்பம், யாருடைய கை என்று இல்லை. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அந்த அம்மாவின் மணிக்கட்டு முன்போல் திரும்பவில்லை. கொழுந்து எடுப்பதை விட்டுப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கூடை தூக்குவதைவிட அதுதான் தொல்லை என்று ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்.

ஒப்பந்தம் அந்த வருடமும் அதே நிறுவனத்துக்கே போனது. பராமரிப்புக்கு வரும் ஆள் இப்போதும் வருகிறார். தேநீர் வரும்வரை அவரைப் பதிவேட்டின் முன்னால் உட்காரவைத்து, ஒரு வாரத்துப் பதிவை எனக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று எனக்கும் இல்லை.